தொடர்மாடியில் மிளகாய்: மண் சாடியா, தும்புச்சோற்றுப் பையா, தண்ணீர்ப் பெட்டியா?

"கன்று நல்லாத்தான் வந்தது, பூவும் நிறையப் பிடிச்சது, கடைசியில எல்லாம் கொட்டிப்போச்சு." கொழும்பில் மாடி வீடுகளில் மிளகாய் வைப்பவர்களிடம் நான் அதிகம் கேட்பது இந்த முறைப்பாட்டைத்தான். உடனே அடுத்த கேள்வியும் வரும்: அடுத்த முறை மண்ணை விட்டுவிட்டுத் தும்புச்சோற்றில், அதாவது தேங்காய்ப் பொச்சுத் தூளில், வைக்கலாமா? தண்ணீரிலேயே வளர்க்கலாம் என்கிறார்களே, அது சரிவருமா?

மூன்றிலும் மிளகாய் காய்க்கும். நாற்றாக இருக்கும்போது மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் கன்று தாங்கிக்கொள்ளும். பூ வந்த பிறகு அப்படி இல்லை. விதை போட்டதிலிருந்து முதல் பூவுக்கு ஏறக்குறைய இரண்டரை மாதம், அதன்பின் காய் பறிப்பது மூன்று நான்கு மாதம். ஆக, செடியின் வாழ்நாளில் பாதிக்கு மேல் பூவும் காயுமாக நிற்கும் காலம்தான். அந்தக் காலத்தில் உங்களால் எதைச் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதை வைத்தே தெரிவு செய்ய வேண்டும். கடையில் எது மலிவு என்பது அதற்கு அடுத்த கேள்வி.

முதலில் உங்கள் பல்கனியின் திசை

எதில் நடுவது என்று யோசிக்கும் முன் வெயிலைப் பாருங்கள். மிளகாய்க்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். குறைந்தால் செடி நெடுநெடுவென்று வளர்ந்து இலைதான் வைக்கும்.

கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். அதனால் தெற்குப் பார்த்த பல்கனிக்கு, மேலே கூரைத் தட்டும் இருந்தால், அந்த மாதங்களில் நேரடி வெயில் கிடைக்காது. செப்டெம்பர் நடுவிலிருந்து மார்ச் வரைதான் அதற்கு வெயில் காலம். வடக்குப் பார்த்ததற்கு நேர்மாறு. அதன் வெயில் காலமோ தென்மேற்குப் பருவ முகில்களோடு சேர்ந்து வருகிறது. கிழக்கு நல்லது. மேற்கில் வெயில் போதும், ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்று இலை விளிம்பைக் கருக்கும். வாரம் ஒரு முறை இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒக்டோபர், நவம்பரில் மாலை மழை கொட்டும். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவம் மேற்குப் பல்கனிகளை நேராக அடிக்கும். ஈரத்தில் மகரந்தம் கட்டிபட்டுப் போவதால் பூ காயாகாமலே விழும். கொழும்பில் வெயிலும் வறட்சியும் சேர்ந்து வருவது ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில்தான். பூ அந்த மாதங்களில் வரும்படி, கிழக்கு மேற்குப் பல்கனிக்காரர் நவம்பர் கடைசியில் விதை போடலாம். தெற்குப் பல்கனிக்காரர் ஒக்டோபர் தொடக்கத்திலேயே நாற்றை உள்ளே பாதுகாப்பாக வளர்க்கத் தொடங்கினால், ஏப்ரலில் வெயில் போவதற்குள் பெரும்பகுதியைப் பறித்துவிடலாம்.

எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்ப்பது ஐந்து விடயங்கள். பூக்காலத்தில் ஈரத்தைச் சீராக வைப்பது எவ்வளவு சுலபம்? வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் செடி எத்தனை நாள் தாங்கும்? பல்கனி எடை தாங்குமா, கீழ்வீட்டுக்குத் தண்ணீர் சொட்டுமா? நுளம்பு பெருகுமா? பசளையைக் காலத்துக்கு ஏற்ப மாற்ற முடியுமா?

நுளம்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, நுளம்பு பெருகும்படி தண்ணீர் தேங்க விட்டிருந்தால் வீட்டுக்காரர்மீது வழக்குத் தொடரலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பூச்சாடித் தட்டுகளைப் பார்க்காமல் போக மாட்டார். டெங்கு நுளம்பின் முட்டை தட்டின் சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக் கிடக்கும். தட்டுக் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை பொரித்துக் கொழும்பு வெப்பத்தில் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும்.

மண் சாடி

*ஈரம், பசளை.* மண் ஈரத்தைப் பிடித்துவைத்து மெதுவாக விடும். 20 லீற்றர் சாடிக்கு, காய் பிடித்த செடி என்றாலும், ஒரு நாள் தண்ணீர் தவறினால் பெரிய சேதம் இல்லை. பசளையிலும் அப்படித்தான். கூட்டெரு கலந்த மண் சின்னப் பிழைகளைத் தாங்கும். ஆனால் அதே குணம்தான் பூக்காலத்தில் தொல்லையாகவும் மாறும். மாட்டெருவும் யூரியாவும் தாராளமாகப் போட்ட சாடியில் நைதரசன் மிஞ்சி நிற்கும்; செடி கருகரு என்று இலை வைத்துப் பூவை உதிர்க்கும். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. முதல் மொட்டைக் கண்டதும் யூரியாவை நிறுத்திவிட்டுப் பொட்டாசியத்துக்கு மாற வேண்டும். சல்லடையில் அரித்த விறகுச் சாம்பல் மாதத்துக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். அதற்கு மேல் போனால் மண் காரமாகிவிடும்.

*மறைந்த செலவு.* எடைதான். ஈரமான 20 லீற்றர் சாடி 30 கிலோவுக்குக் குறையாது. பத்துச் சாடி 300 கிலோ. பழைய கட்டடத்தின் தொங்கு பல்கனியில் இதை ஓர் ஓரமாக அடுக்க வேண்டாம். சுவரை ஒட்டிப் பரப்பி வையுங்கள். கொழும்பில் மண்ணும் காசுக்குத்தான். வாங்கும் மண்ணோடு நோயும் வரலாம். ஈரவலயத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய்க் குடும்பத்துக்கே பெரிய எதிரி பக்றீரியா வாடல். இலை பச்சையாக இருக்கும்போதே செடி பட்டென்று சாயும். சந்தேகம் இருந்தால் அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் மட்டும் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் நிற நூல் கீழிறங்கினால் அது பக்றீரியாதான். அந்தச் சாடி மண்ணை வேறு சாடியில் கொட்டாதீர்கள். கத்தரியோ தக்காளியோ மறுபடி அதில் வைக்கவும் வேண்டாம்.

*யாருக்கு.* நிலத்தோடு வீடு உள்ளவர், மொட்டைமாடி கிடைப்பவர், வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருபவர், மாதம் ஒரு முறை ஊருக்குப் போகிறவர்.

தும்புச்சோற்றுப் பை

*ஈரம், பசளை.* தேங்காய்ப் பொச்சில் தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூள்தான் இது. உலகத்துக்கே இங்கிருந்து போகிறது, நமக்குக் கைக்கெட்டிய விலையில் கிடைக்கிறது. நீரையும் காற்றையும் ஒருசேரப் பிடித்துவைப்பதால் வேர் மண்ணில் ஓடுவதைவிட வேகமாக ஓடும். 10 அல்லது 12 லீற்றர்ப் பை ஒரு செடிக்குப் போதும்; நனைந்தாலும் 10 கிலோ அளவில்தான் நிற்கும். அழுத்திய 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 60 லீற்றருக்கு மேல் வரும், அதாவது ஐந்து பை.

தும்புச்சோற்றில் சத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. நீங்கள் ஊட்டுவதுதான் செடிக்கு. இது குறையாகத் தெரியலாம், ஆனால் பூக்காலத்தில் இதுவே பெரிய வசதி. இன்று பசளையை மாற்றினால் இந்த வாரமே செடி அதற்கு ஏற்ப நடக்கும். நம் கடைகளில் கிடைக்கும், நீரில் கரைத்து ஊற்றும் அல்பேட் கரைசல் பசளைத் தூள் இதற்குப் பொருந்தும். பொட்டலத்தில் சொன்ன அளவுக்கு மேலே போகாதீர்கள். கெட்டியாகக் கலந்தால் வேர் கருகி, முதலில் விழுவது பூதான்.

*மறைந்த செலவு.* கழுவுதல். மலிவான தும்புச்சோற்றில் சோடியமும் பொட்டாசியமும் உப்பாக ஒட்டியிருக்கும். கழுவாமல் நட்டால், செடிக்கு நீங்கள் கொடுக்கும் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தும்புச்சோறு தான் பிடித்துவைத்துக்கொண்டு உப்பை வெளியே விடும். அதன் விளைவு காயில் தெரியும்: பிஞ்சின் நுனியில் தண்ணீர் கோத்ததுபோல் ஒரு புள்ளி, பிறகு அது கபிலமாகித் தோல்போல் உள்ளே குழிந்துவிடும். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பார்கள். அது கல்சியம் போய்ச் சேராத குறை. வடியும் தண்ணீர் தேநீர் நிறம் மாறி வெளிறும்வரை அலசுங்கள். பிறகு கல்சியம் நைத்திரேற்று கரைத்த நீரில் ஒரு இரவு ஊறவிட்டு மறுபடி ஒரு முறை அலசினால் நல்லது.

அடுத்தது தண்ணீர் வேலை. காய் நிறைந்த செடி வெயில் நாளில் ஒரு லீற்றர் வரை குடிக்கும். காலையில் ஒரு தரம், பிற்பகலில் ஒரு தரம் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழே வடிய வேண்டும்; இல்லாவிட்டால் உப்புத் தங்கிவிடும். அந்த வடிநீர் கீழ்வீட்டு உடுப்புக் கொடியில் சொட்டினால் தொடர்மாடியில் சண்டைக்கு அது போதும். பைகளைச் சற்றுச் சாய்ந்த தகரத்தின் மேல் வைத்து, வடிநீரை மூடியுள்ள கலனுக்கு இறக்குங்கள். அந்த நீரைப் பூஞ்செடிக்கு ஊற்றலாம்.

*யாருக்கு.* இரண்டாம் மாடிக்கு மேல் இருப்பவர், வீட்டில் பகலில் யாராவது உள்ளவர், பல்கனி சின்னதானவர்.

தண்ணீர்ப் பெட்டி

*ஈரம், பசளை.* ரெஜிபோம் பெட்டிக்குள் கறுப்புப் பொலித்தீன் விரித்து, அல்பேட் கரைசலை நிரப்பி, மூடியில் துளையிட்டுச் செடியைத் தொங்கவிடுவது எளிய முறை. பம்பு வேண்டாம். நீர்மட்டம் இறங்க இறங்க மேல்வேர் காற்றைக் குடிக்கும், கீழ்வேர் நீரைக் குடிக்கும். மீண்டும் நிரப்பும்போது மேல்வரை நிரப்பக் கூடாது. காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கினால் செடி இரண்டு நாளில் வாடும். கரைசலின் பிஎச் (அமில, கார அளவு) 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். சோதனைத் தாள் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

*மறைந்த செலவு.* கொழும்பின் வெப்பம். 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்துவைக்கும்; 30 பாகையில் அது ஏழரையாகக் குறையும். அதே சூட்டில் வேருக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படும், வேரழுகல் பூஞ்சணமும் பெருகும். வெள்ளை வேர் கபிலமாகி, தொட்டால் உரிந்து, ஒரு நாற்றம் வரும். ஒரே பெட்டியில் நான்கு செடி வைத்தால் நான்கும் ஒன்றாகப் போகும். பெட்டி நிழலிலும் செடி வெயிலிலுமாக அமைய வேண்டும். பெரும்பாலான பல்கனிகளில் இது நடக்கிற காரியம் இல்லை. பம்பு வைத்துக் காற்று ஊதலாம். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றதை மறந்துவிட்டு முழுக்கப் பம்பை நம்பும் அமைப்பை மாடியில் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நுளம்பு இன்னொன்று. மூடியின் துளைக்கும் தண்டுக்கும் இடையே விரல் நுழையும் சந்து இருந்தாலும் போதும், உள்ளே போய்விடும். பஞ்சால் இறுக்கி அடையுங்கள்.

கீரை, சலாது போன்ற முப்பது நாற்பது நாள் பயிருக்கு இந்த முறை அருமையானது. ஆறு மாதம் நின்று காய்க்க வேண்டிய மிளகாய்க்கு, பார்த்துப் பழகிய கை வேண்டும்.

*யாருக்கு.* ஏற்கெனவே பெட்டியில் கீரை வளர்த்துப் பழகியவர், ஒவ்வொரு நாளும் மூடியைத் தூக்கி வேரைப் பார்க்கப் பொறுமை உள்ளவர்.

| | மண் சாடி | தும்புச்சோற்றுப் பை | தண்ணீர்ப் பெட்டி |
|---|---|---|---|
| தண்ணீர் தவறினால் | 1–2 நாள் தாங்கும் | வெயிலில் அன்றே வாடும் | மட்டம் இருந்தால் பல நாள் |
| பசளையை மாற்றுதல் | மெதுவாக | உடனே | உடனே, பிழைக்கு இடமில்லை |
| ஒரு செடிக்கு எடை | 30 கிலோவும் மேலும் | 10 கிலோ அளவு | நீரின் அளவைப் பொறுத்தது |
| நுளம்பு வரும் வழி | அடித்தட்டு | வடிநீர்க் கலன் | மூடிச் சந்து |
| பெரிய ஆபத்து | வாடல், நைதரசன் மிகுதி | உப்பு, கல்சியக் குறை | சூடு, வேரழுகல் |

எதில் வைத்தாலும் பூக்காலத்தில் செய்ய வேண்டியவை

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். நிலத்தில் காற்றும் தேனீயும் அசைத்துவிடும். எட்டாம் மாடிக்குத் தேனீ வருவது அரிது, கண்ணாடி அடைத்த பல்கனிக்குக் காற்றும் வராது. காலை எட்டு ஒன்பது மணிக்கு, பூ விரிந்து பனி காய்ந்தபின், கிளையை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். இவ்வளவு சின்ன வேலையால் காய்பிடிப்பு கண்ணுக்குத் தெரியும்படி கூடும்.

இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டு நீண்டால் சிற்றுண்ணி. ஒரு பூவைப் பறித்து வெள்ளைக் கடதாசியில் உதறிப் பாருங்கள். மெல்லிய கீறுபோல் ஓடுவது பனிப்பூச்சி. வேப்பெண்ணெயை ஒரு துளி சவர்க்கார நீரில் கலந்து, வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். நடுப்பகலில் அடித்தால் இலை பொசுங்கும்.

வகையும் முக்கியம். குடைமிளகாய் இரவு வெப்பம் குறையாத கொழும்பில் பூவை உதிர்த்துக்கொண்டே இருக்கும், அதில் காலத்தை வீணாக்க வேண்டாம். இங்கே தெரிவு செய்து வெளியிட்ட எம்ஐ 2, கேஏ 2 போன்ற வகைகளும் கொச்சி மிளகாயும் நம் சூட்டுக்குப் பழகியவை. சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

பூவிலிருந்து பச்சைக்காய்ப் பருவத்துக்கு மூன்று நான்கு வாரம், பழுக்க இன்னும் இரண்டு மூன்று வாரம். முதல் காய்களைப் பச்சையிலேயே, காம்போடு, கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். கையால் இழுத்தால் கணு முறிந்து அடுத்த பூ வரும் இடமே போய்விடும். செடியில் காய் பழுத்து நிற்க நிற்கப் புதுப் பூ குறையும். செத்தல் மிளகாய்க்கோ விதைக்கோ வேண்டுமானால் பறிப்பின் கடைசி மாதத்துக் காய்களை விடுங்கள். கலப்பின விதையில் வந்த செடி என்றால் அதன் விதையை வைத்திருந்து பயனில்லை, தாயைப்போல் வராது.

எந்த வீட்டுக்கு எது

மேல்மாடியில், கிழக்கு அல்லது தெற்குப் பல்கனியோடு, பகலில் அம்மாவோ அம்மம்மாவோ வீட்டில் இருக்கும் குடும்பம் என்றால் நான் யோசிக்காமல் தும்புச்சோற்றைச் சொல்வேன். எடை குறைவு, பூக்காலத்தில் பசளை நம் கையில். கழுவுகிற வேலை ஒரு முறைதான்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் பழைய வீட்டு முற்றமோ மொட்டைமாடியோ இருந்தால் மண்ணை விடாதீர்கள். 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி நவம்பரில் தடையை நீக்கிய அந்த மாதங்களில், கரைசல் தூளையே நம்பியவர்கள் தடுமாறினார்கள். சமையலறைக் கழிவில் கூட்டெரு செய்து மண்ணில் வைத்தவர்களுக்குக் கை கட்டிப்போகவில்லை.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய் இரவில் வருகிற வீட்டுக்கும் மண்தான், ஆனால் மூன்று சாடிக்கு மேல் வேண்டாம். நன்றாகப் பார்த்த ஒரு செடியே ஒரு பருவத்துக்கு அரைக் கிலோவும் அதற்கு மேலும் தரும். பச்சை மிளகாய் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிய நாட்களையும் கொழும்பு பார்த்திருக்கிறது. மூன்று செடி இருந்தால் சிறு குடும்பம் கடைக்குப் போகும் தடவைகள் குறையும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஓகஸ்ட்டில் இரண்டு வாரம் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு எந்த முறையும் தனியே காவல் காக்காது. தண்ணீர்ப் பெட்டிகூட, காய் நிறைந்த செடிக்கு அத்தனை நாள் போதாது. அதற்குச் சரியான வழி காலத்தை மாற்றுவதுதான். நவம்பரில் விதைத்தால் பறிப்பு ஜூன் கடைசியில் முடிந்துவிடும். போகும்முன் சாடிகளை வெறுமையாக்கி, தட்டுகளைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகலாம். பொங்கலுக்குப் போகிற நான்கைந்து நாள் அப்படி இல்லை, அப்போது செடி சாடியில் நிற்கும். அந்த நாட்களுக்குச் சாடியையோ பையையோ பக்கத்து வீட்டுக்காரரின் நிழலான பல்கனிக்கு மாற்றி, தண்ணீர் ஊற்றும் நேரத்தையும் அளவையும் ஒரு கடதாசியில் எழுதிச் சாடியிலேயே ஒட்டிக் கொடுங்கள்.